துண்டுத் துணியில் ஒரு துப்பட்டி

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

கொடி காத்த குமரன் 1932-ஆம் ஆண்டு உயிர் நீத்த ஊர் என்று எங்கள் திருப்பூரைப் பாடப்புத்தகம் அறிமுகம் செய்யும். வெளியூர் உறவினர்களோ ‘பனியன் ஊர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டும் உண்மையே. காலையில் நாங்கள் புத்தகப் பையுடன் பள்ளிக்கு நடக்கும் அதே தெருவில், அக்காமாரும் அண்ணன்மாரும் சாப்பாட்டுப் பையுடன் கம்பெனிக்கு நடப்பார்கள். ஒருவர் ஓவர்லாக் தைக்கிறவர், ஒருவர் கைமடி, ஒருவர் செக்கிங், ஒருவர் கட்டிங் மாஸ்டர். எந்தச் சந்தில் திரும்பினாலும் பவர்டேபிள் ஓடுகிற ஓசை எங்களோடு கூடவே வரும். எங்கள் வகுப்பில் 35 பேர். அவர்களில் பனியன் தொழிலோடு தொடர்பில்லாத வீடுகள் மூன்றே மூன்றுதான்.

பனியன் இருந்தால் பனியன் வேஸ்ட்டும் இருக்கும். எங்கள் வீடுகளில் வண்டி துடைப்பது அதில்தான். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவது அதில்தான். வாசலில் கிடக்கும் கால்மிதியும் அதுதான். பிறந்தது முதல் அதைப் பார்த்து வளர்ந்தபடியால், அதை ஒரு பொருளாக நாங்கள் எண்ணியதே கிடையாது. இந்த ஆண்டு அந்தத் துண்டுத் துணிகளால் நாங்கள் ஒரு துப்பட்டி தைத்தோம். ஒரு முறை அல்ல, இரண்டு முறை தைத்தோம். ஏன் இரண்டு முறை என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ஜூலை மாதம் காலைக் கூட்டத்தில், கிறிஸ்துமஸ் சமயத்தில் நாங்கள் முதியோர் இல்லத்துக்குச் செல்லும்போது ஒவ்வொரு வகுப்பும் தன் கையால் செய்த பொருளொன்றைக் கொண்டுவர வேண்டும் என்று தலைமைச் சகோதரி அறிவித்தார். கடையில் வாங்கியது கூடாது. ஒன்பதாம் வகுப்பினர் கூடை பின்னுவதாகச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பினர் ஊறுகாய் என்றார்கள். நாங்கள் பெரியவர்கள் அல்லவா? மார்கழிப் பனிக்கு இதமாக ஒரு துப்பட்டி தைக்கிறோம் என்று கை தூக்கிவிட்டோம். பத்தாம் வகுப்பில் தையல் எதற்கு என்று சில பெற்றோர் கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு கைவேலைப் பாடவேளையும் சனிக்கிழமை ஒரு மணி நேரமும் மட்டும் என்று எங்கள் வகுப்புச் சிஸ்டர் உறுதி கூறிய பிறகே சம்மதித்தார்கள்.

துணி சேர்ப்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். அம்மா வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் முதலாளியிடம் கேட்டு ஒரு பையில் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. தன் பெயரை எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால், அவளைத் தோழி என்றே குறிப்பிடுகிறோம். “அம்மா கம்பெனியில வேஸ்ட் தர மாட்டாங்க” என்றாள் தோழி. நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

மூட்டையை அவிழ்த்துக் கொட்டியபோது வகுப்பறையே திருவிழாக் கடைபோல் ஆயிற்று. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வடிவம். கம்பெனியில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவட்டையை வைத்து வரைந்து, மிஷினால் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். கழுத்து நுழைகிற இடத்தில் வெட்டி எடுத்தது பிறைபோல் இருக்கும். கை பொருத்துகிற இடத்தில் விழுந்தது வளைந்த முக்கோணமாக இருக்கும். ஓரத்தில் மிஞ்சியது நாடாவாக நீளும். சட்டை கப்பலேறி எங்கோ குளிர்நாட்டுக்குப் போய்விட, சட்டையில் இடம் பெறாத இந்தத் துண்டுகள் மட்டும் எங்கள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. ஐந்து அப்பங்களைப் பகிர்ந்த பிறகு மீந்த துண்டுகளை 12 கூடைகளில் சேர்த்த நிகழ்ச்சியைச் சிஸ்டர் நினைவூட்டினார். எங்களுக்கு அன்று மூட்டையின் கனம்தான் பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் வகுப்புத் தலைவி கணக்கில் கெட்டிக்காரி. அவள் வரைபடத் தாளில் திட்டம் போட்டாள். துப்பட்டியின் நீளம் 7 அடி, அகலம் 5 அடி. ஆறு அங்குலச் சதுரமாக வெட்டினால் நீளவாக்கில் 14, அகலவாக்கில் 10, மொத்தம் 140 சதுரங்கள். 35 பேருக்கு ஆளுக்கு நான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை, மிஞ்சவில்லை! நடுவில் நீலமும் வெள்ளையும் கொண்டு ஒரு பெரிய நட்சத்திரம். நாங்கள் கைதட்டினோம். தையல் ஆசிரியையும் மெச்சினார்.

ஆனால் துணி எங்கள் வரைபடத்தைப் படிக்கவில்லை. பிறையிலிருந்தும் நாடாவிலிருந்தும் ஆறு அங்குலச் சதுரம் எப்படிக் கிடைக்கும்? பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கி வெட்டினோம். பின்னல் துணி இழுத்தால் நீளும். வெட்டி முடித்துக் கையை எடுத்ததும் சதுரம் சாய்ந்து நிற்கும். மெல்லிய பனியன் துணியோ வெட்டிய ஓரத்தில் தானாகச் சுருண்டுகொள்ளும். நெய்த துணிக்குப் போடுகிற சாதாரண ஊசியைப் பள்ளித் தையல் மிஷினில் மாட்டித் தைத்தோம். ஊசி குத்திய இடத்தில் இழை அறுந்து, ஏணிப்படிபோல் ஓடிற்று. பின்னல் துணிக்கு முனை மழுங்கிய ஊசி போட வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் 38 சதுரங்கள்தாம் தேறின. அவற்றின் அருகில் நாங்கள் வெட்டித் தள்ளிய துணுக்குகள் அதைவிடப் பெரிய குவியலாகக் கிடந்தன.

சிஸ்டர் வந்து இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். “கழிவை உபயோகப்படுத்தப் போய், கழிவிலிருந்தும் கழிவு உண்டாக்கியிருக்கிறீர்கள், பிள்ளைகளே” என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் சிஸ்டர் பல ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் பணியாற்றியவர். அங்கே ஹளியாள், எல்லாப்பூர் பகுதிக் காட்டோரக் கிராமங்களில் சித்தி என்ற இனத்தார் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் நாட்டுக்கு வந்தவர்கள். பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் என்று மூன்று சமயத்தாரும் அவர்களுள் உண்டு. அந்தப் பெண்கள் பழந்துணிகளால் ‘கவந்தி’ என்ற துப்பட்டியைத் தைக்கிறார்கள். முன்கூட்டி வரைந்த படம் எதுவும் கிடையாது. பழைய புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி வந்து, கையிலிருக்கும் துண்டுக்கு ஏற்றபடி உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ இல்லாத துப்பட்டி ஆடையில்லாமல் நிற்பதற்குச் சமம் என்பது அவர்கள் வழக்காம். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவை வடிவையும் துணியில் சேர்ப்பதுண்டு.

மறுநாள் நூலகக் கணினியில் இன்னும் சில படங்களைச் சிஸ்டர் காட்டினார். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். ஆறு மூன்று பக்கமும் அதை வளைந்து ஓடுகிறது. அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் மாவுப் பைகளையும் சேர்த்து வீட்டுக் குளிருக்குத் துப்பட்டி தைத்தார்கள். மாதிரியைப் பாராமல் அவரவர் மனம்போல் தைப்பதற்கு ‘என் வழி’ என்றே பெயர். 1966-ஆம் ஆண்டு அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்தார்கள். 1972-இல் சியர்ஸ் என்ற பெரிய வியாபார நிறுவனத்துக்குக் கோடுபோட்ட வெல்வெட்டுப் போன்ற கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதில் விழுந்த வெட்டுத் துண்டுகள் அவர்கள் வீட்டுத் துப்பட்டிகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் துப்பட்டிகள் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டப்பட்டன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களோடு 10 தபால்தலைகளை வெளியிட்டது. கம்பெனி வேஸ்ட் என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்த எங்களுக்கு இது பெரும் வியப்பு.

அவ்வளவுதான், எங்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வரைபடத் தாளைச் சுருட்டி வைத்தோம். “இனிமேல் நம் வழி!” என்றோம். ஐந்து ஐந்து பேராக ஏழு குழுக்கள் பிரிந்தோம். குழுவுக்கு ஒரு நீளப்பட்டை. ஏழு பட்டைகளையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுவது. பட்டைக்குள் அவரவர் இஷ்டம்.

துணியைப் பங்கிட்ட அன்று தோழி எங்களிடம் வந்து, “இதெல்லாம் ஒருக்கா அலசிப் போட்டுட்டுத் தைக்கோணும். இல்லாட்டி அப்பறம் சுருங்கிப்போகும்” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

“தெரியும்.”

அவளுடைய அம்மா கம்பெனியில் வேலை செய்யவில்லை, வேஸ்ட் குடோனில் துணி பிரிக்கிறார் என்பதும், மாலையில் தோழி அங்கே போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்பதும் எங்களுக்குள் சிலருக்குத் தெரிந்திருந்தது. “குடோன் மேனேஜர் சொல்றாங்க, எல்லாரும் கேட்டுக்கங்கடி!” என்றது ஒரு குரல். அது யார் குரல் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. ஏனென்றால் சிரித்தது நாங்கள் எல்லாருமே.

தோழி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதன்பின் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் குழுவில் கொடுத்த துண்டைத் தைத்தாள். அலசிக் காயப்போட வேண்டுமானால் ஒரு வாரம் போய்விடும், காலாண்டுத் தேர்வு வேறு வருகிறது என்று நாங்கள் எங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

அக்டோபரில் துப்பட்டி முடிந்தது. மேலே எங்கள் ஏழு பட்டைகள், நடுவே இரண்டு பழைய பருத்திப் புடவைகள், அடியில் விடுதியில் கிடைத்த பழைய பெட்ஷீட். பட்டைக்குப் பட்டை ஒட்டாமல் ஏழு வீட்டுச் சண்டைபோல் இருந்தாலும், தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. முதியவர்களுக்குக் கொடுப்பதைத் துவைத்துக் கொடுப்பதுதான் முறை என்று விடுதித் தொட்டியில் நனைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டோம்.

மறுநாள் போய்ப் பார்த்த காட்சியை எங்களால் மறக்க முடியாது. சாயம் ஏறாத வெள்ளைத் துணி அதிகம் வைத்த பட்டை 7 அடியிலிருந்து 6 அடி 7 அங்குலமாகச் சுருங்கியிருந்தது. பாலியஸ்டர் அதிகம் வைத்த பட்டை ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆகவே துப்பட்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வளைந்து படுத்த முதலைபோல் கிடந்தது. நடுவில் பல இடங்களில் சுருங்கிய துண்டு சுருங்காத துண்டை இழுத்துத் தையலைப் பிரித்துவிட்டது. சிவப்புத் துண்டு ஒன்று அருகிலிருந்த வெள்ளையில் இளஞ்சிவப்பாகக் கசிந்திருந்தது.

இதில் எங்களைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. கோடித்துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டு பழையதை இழுத்துக் கிழித்துவிடும் என்று இயேசு பெருமான் சொன்ன உவமை மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. காலாண்டுத் தேர்வுக்கு மறைக்கல்வியில் அது ஒரு கேள்வி. வகுப்பிலுள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லாருமே அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தோம்! மற்றத் தோழியருக்கும் நாங்களே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறோம். பனியன் ஊரில் பிறந்து, உவமையைப் பாராமல் ஒப்பித்தும், கையிலிருந்த துணி கோடித்துணி என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

சிஸ்டர் துப்பட்டியைப் பார்த்துவிட்டு, “துவைத்தால் இப்படி ஆகும் என்று முன்பே யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டார்.

வகுப்பில் சத்தமே இல்லை. நாங்கள் தோழியைத் திரும்பிப் பார்க்கவும் துணியவில்லை. அவள் நினைத்திருந்தால், ‘நான் சொன்னேன் சிஸ்டர், இவர்கள்தாம் கேட்கவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்களில் வேறு யாராயிருந்தாலும் சொல்லியிருப்போம். அவள் தன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் எங்களைச் சுட்டதுபோல் எந்தத் தண்டனையும் எங்களைச் சுட்டதில்லை.

கடைசியில் வகுப்புத் தலைவி எழுந்து நடந்ததைச் சொன்னாள். கேலி செய்த வார்த்தையையும் மறைக்காமல் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். சிஸ்டர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த உவமைக்கு மதிப்பெண் போட்டவள் நான். திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இடைவேளையில் தோழியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தும், வாய் வரவில்லை. இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். அவள் சிறிது நேரம் எங்களைப் பார்த்தாள். “செரி, பிரிக்கலாம். கத்திரி எத்தன இருக்குது?” என்றாள்.

ஏழு பட்டைகளையும் பிரிக்க மூன்று சனிக்கிழமைகள் ஆயின. தைப்பதைவிடப் பிரிப்பது கடினம் என்பதை அப்போது அறிந்தோம். பிரித்த துண்டுகளையும், மீதியிருந்த துண்டுகளையும், முன்பு வெட்டித் தள்ளிய துணுக்குகளையும் வாளி வாளியாக அலசிக் காயப்போட்டோம். ஏன் சுருங்குகிறது என்று தோழி சொன்னாள். மிஷினில் பின்னும்போது இழை இழுபட்டு நிற்கிறது. தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் பழைய அளவுக்குப் போய்விடுகிறது. கம்பெனி நடத்தும் தந்தை ஒருவரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளப்பார்களாம். 47.5 சென்டிமீட்டர் இருந்தால் 5 சதவீதச் சுருக்கம். அதற்கேற்ப அளவைக் கூட்டி வெட்டுவார்கள்.

காய்ந்த துணியைத் தோழி பார்த்துப் பிரிக்கவில்லை, தொட்டுப் பிரித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு. “இது இன்டர்லாக்கு… இது ரிப்பு… இது பாலியஸ்டர்” என்று வைத்துக்கொண்டே போனாள். நாங்கள் நம்பாமல் இல்லை. ஆனாலும் ஆசைக்காக ஒரு சோதனை வைத்தோம். கண்ணைக் கட்டி 10 துண்டுகளைக் கொடுத்தோம். அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, அறிவியல் ஆசிரியையின் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கை எரித்துப் பார்த்தோம். பருத்தி, காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஒன்பது சரியாக இருந்தன. பத்தாவதை மட்டும், “சந்தேகமா இருக்குது” என்று அவள் தனியே வைத்திருந்தாள். எரித்தபோது அதில் சாம்பலும் வந்தது, மணியும் வந்தது. அது இரண்டும் கலந்த துணி!

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சிஸ்டரின் அனுமதியோடு எங்களில் எட்டுப் பேர் அந்தக் குடோனுக்குப் போனோம். கூரை வரை மூட்டைகள். நடுவில் பஞ்சுத் தூசி பறக்க, தலையிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். “வாங்க கண்ணுகளா, வாங்க சிஸ்டருங்க” என்று தோழியின் அம்மா எழுந்து வந்து, உட்காரச் சொல்லி இரண்டு மூட்டைகளைத் தட்டிப் போட்டார். எங்கள் பிள்ளைகளும் துப்பட்டி தைத்த கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். தம் மகள் அவரிடம் அந்தக் கேலியைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கே நாங்கள் கற்றது ஏராளம். வேஸ்ட் என்று நாங்கள் சொன்னதில் அங்கே வீணாவது மிகக் கொஞ்சமே. ஒரு பங்கு மிஷின் துடைக்கப் போகிறது. மற்றொரு பங்கை நூல் மில்லுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கி, நூலாக நூற்கிறார்கள். நிறம் பார்த்துப் பிரிப்பது அதற்காகத்தான். நீலத் துண்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் வரும் நூலும் நீலமாகவே வரும்; திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. ஒரு மூட்டையில் ஒருவர் தவறாகப் பிரித்தால் அந்த நூலே கெட்டுப்போகும். “கையில எடுத்தாத் தெரிஞ்சிரும்ங்க சாமி, கண்ணு எதுக்கு?” என்றார் அந்த அம்மா. இத்தனை நுட்பமான வேலையை நாங்கள் ஒரு கேலிச்சொல்லாக்கியிருந்தோம்.

இரண்டாம் முறை தைத்தபோதும் வரைபடம் போடவில்லை. ஆனால் திட்டம் வேண்டாம் என்றால் விதியே வேண்டாம் என்று அர்த்தமில்லை என்பது இப்போது புரிந்திருந்தது. கனமான துணி ஓரத்துக்கு. அடிக்கடி பிடித்து இழுப்பது அங்கேதான். மெல்லியது நடுவுக்கு. அதிகம் நீளுகிற துண்டை நீளாத துண்டின் பக்கத்தில் வைக்கக் கூடாது. சுருளும் ஓரத்தைச் சுருளுகிற பக்கமாகவே மடித்துவிட வேண்டும். அதனோடு சண்டை போடக் கூடாது. இவ்வளவுதான் விதி. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்பதைத் துண்டு கையில் வந்த பிறகே முடிவு செய்தோம். சித்திப் பெண்களைப்போல ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றி, உள்நோக்கி ஓட்டுத்தையல் போட்டோம். குழுக்கள் இல்லை. ஒரே துணியைச் சுற்றி எல்லாரும் முறை வைத்து உட்கார்ந்தோம். பீகாரிலிருந்து எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பழைய புடவைகளை அடுக்கிப் பிறந்த குழந்தைக்குச் ‘சுஜனி’ தைப்பது அவர்கள் வழக்கம். அடுக்குகள் நகராமல் எப்படிப் பிடிப்பது என்று அவள் வந்து காட்டிக் கொடுத்தாள்.

தைக்கத் தைக்கப் பேச்சும் வளர்ந்தது. ஒரு கருநீலத் துண்டைக் கண்டதும், நொய்யல் ஆற்றில் ஒரு காலத்தில் கம்பெனிச் சாயத்துக்கு ஏற்ற நிறத்தில் தண்ணீர் ஓடியதைத் தன் அம்முச்சி சொன்னதாக ஒருத்தி சொன்னாள். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓடலாம் என்ற நிலை வந்தது. அப்போது வேலையில்லாமல் எங்கள் பெற்றோர் சிலர் பட்ட பாட்டையும், ஆறு கெட்டதால் உழவர்கள் பட்ட பாட்டையும் வீட்டில் கேட்டு வந்து சொன்னோம். எங்கள் துப்பட்டியின் எந்த நிறமும் சும்மா வந்ததில்லை.

நாங்கள் வெட்டித் தள்ளிய துணுக்குகளையும் மடித்து நான்கு மூலைக்கும் பூ வைத்தோம். இளஞ்சிவப்புக் கறை பட்ட வெள்ளைத் துண்டை எறிந்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது, தோழி அதை வாங்கி நடுவில் வைத்துத் தைத்தாள். எண்ணிப் பார்த்தோம்: மொத்தம் 268 துண்டுகள். மறுபடியும் துவைத்தோம். அன்றிரவு எங்களில் பலருக்குத் தூக்கமில்லை. காலையில் மாடிக்கு ஓடிப்போய் அளந்தோம். நீளம் நான்கு பக்கமும் ஒழுங்காக இருந்தது என்று சொன்னால் பொய். ஓர் ஓரம் அரை அங்குலம் கோணல். ஆனால் ஒரு தையலும் விடவில்லை.

டிசம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போனோம். துப்பட்டியைக் கண் பார்வை மங்கிய ஒரு பாட்டிக்குக் கொடுக்கலாம் என்று அங்கிருந்த சகோதரிகள் சொன்னார்கள். நாங்கள் பாட்டுப் பாடி, அவர் மடியில் விரித்தோம். பாட்டி நன்றி சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு விரல்களால் ஒரு துண்டைப் பிடித்துத் தேய்த்தார். பிறகு அடுத்ததை.

“இது இன்டர்லாக்கு. இது ரிப்பு” என்றார். “பனியன் துணியா கண்ணு? நானு கைமடியா இருந்தவ. எத்தன டசன் மடிச்சிருப்பேன்!”

எங்கள் எல்லார் கண்களும் தோழியிடம் போயின. அவள் பாட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து, “இது என்னன்னு சொல்லுங்க பாட்டி” என்று ஒரு துண்டை அவர் விரலில் வைத்தாள். பாட்டி சொன்னார். “செரிதான்” என்றாள் இவள். இருவரும் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவரைக்கும் அப்படியே போனார்கள். நாங்கள் கொண்டுபோன கேக்கை வெட்ட வேண்டும் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. தேர்வு முடிந்தால் எங்கள் 35 பேரில் சிலர் இங்கேயே பதினொன்றாம் வகுப்பில் சேர்வோம். சிலர் வேறு பள்ளிக்குப் போவோம். தோழிக்குப் பாலிடெக்னிக்கில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஆசை. “அம்மா செரீன்னுட்டாங்க. மாமாதான் இன்னும் யோசிக்கிறாங்க” என்கிறாள். அந்த மாமா இந்த ஆண்டு மலரைப் படிப்பாரானால், அவருக்கு நாங்கள் பணிவோடு ஒன்று சொல்லிக்கொள்கிறோம்: எங்கள் 35 பேரில் துணியைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாங்கள் அதைக் காலம் தாழ்த்தி அறிந்தோம். நீங்கள் எங்களைப்போல் தாமதிக்க வேண்டாம்.